பிச்சையன்று, நீதி!



2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் பெருமழையால் மலை சரிந்தது. அரநாயக்கவில் கிராமங்கள் புதையுண்டன. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுள் மறைந்தன. தொழிலாளர் குடும்பத்தினர் பலர் மாண்டனர். அரிசியும் ஆடையும் கொண்டு ஓடிவந்த நல்லோர் வாழ்க! ஆயினும் ஒன்று கேட்கிறேன்: ஆபத்தான சரிவிலே அந்த ஏழைகள் ஏன் குடியிருந்தார்கள்? வேறிடத்தில் குடிசை போடத் தமக்கென ஒரு துண்டு நிலம் இல்லாமையாலன்றோ?

பசித்தவருக்கு உணவளிப்பவர் தமக்கே அளிப்பதாகக் கிறிஸ்துநாதர் கொள்வார் என்பது மத்தேயு நற்செய்தி. ஆனால் திருச்சபையின் போதனை அன்னதானத்தோடு நின்றுவிடவில்லை. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் விடுத்த திருமடல், தொழிலாளருள் இயன்றவரை அதிகமானோர் சொத்துடையோராக வேண்டும் என்றது. 1931இல் பதினோராம் பத்திநாதர், உரிமையாகக் கொடுக்க வேண்டியதை மறுத்துவிட்டு அவ்விடத்தைத் தருமத்தால் நிரப்ப இயலாது என்று தெளிவுபடுத்தினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதனையே வலியுறுத்தியது. கடனைத் தீர்க்காதவன் காணிக்கை கொடுப்பது எங்ஙனம் அறமாகும்?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் வளர்த்த கைகளுக்கு நாடு பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. அவ்வநீதியைத் துடைக்கும் சட்டங்கள் 2003 வரை நீண்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிலமோ அரசின் நிலமே. ஆகவே, கொடுக்க வழியில்லை என்று அரசு சொல்ல முடியாது. 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற கொள்கை வந்தது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்துக்கு உறுதியில்லாத குடும்பங்கள் இன்னும் எத்தனை எத்தனை!

உழவர் பெருமக்களே, காணி உறுதியின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? உறுதி உள்ளவனே கடன் பெற்று வீடு கட்டுவான். எவர் தயவையும் எதிர்பாரான். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, வெள்ளம் வந்தபின் பொதி சுமப்பதோடு உங்கள் பணி முடியவில்லை. விண்ணப்பம் எழுதுங்கள், ஆவணங்களைத் தேடிக்கொடுங்கள், அலுவலகப் படியேறி அவர்களுக்காக வாதாடுங்கள். சரிவில் வாழ்வோர்க்குப் பாதுகாப்பான நிலம், அந்நிலத்துக்கு அவர்தம் பெயரிலே உறுதி: இதுவே நமது கோரிக்கை.

அடுத்த பெருமழைக்குமுன் இது நிறைவேற வேண்டும்.