பூட்டு நல்லதுதான், சாவி யார் கையில்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



போன மாதக் கூட்டத்தில் கடன் பற்றிப் பேச உட்கார்ந்தோம். ஆனால் பாதி நேரம் ஓ.டி.பி. பற்றித்தான் பேச்சு. "என் பணம், என் கணக்கு, என் கையெழுத்து. நடுவுல இது எதுக்கு?" என்று ஒரு அக்கா கேட்டார். "எனக்கு இந்தப் பாதுகாப்பே வேணாம், எடுத்துவிடுங்கன்னு சொன்னா, அது கட்டாயம், எடுக்க முடியாதுன்னு சொல்றாங்க" என்றார் இன்னொருவர். அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது நான்தான். எனக்கும் அவ்வளவு கோபம் இருந்தது.

நம் கஷ்டம் நமக்குத் தெரியும். எங்கள் தெருவில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. ஏரிக்கரைக்குப் போனால்தான் செய்தி வரும். திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துபோகும். வருகிற செய்தியும் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் கணக்கைப் பூட்டிவிடுகிறது. அதைத் திறக்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போக வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தேன். நம் குழு தொடங்கிய காலம் ஞாபகம் வந்தது. சேமிப்புப் பெட்டி என் வீட்டில் இருக்கும். சாவி முதல் பிரதிநிதியிடம் இருக்கும். வங்கியில் பணம் எடுக்க வேண்டுமானால் என் கையெழுத்து மட்டும் செல்லாது, இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும். அப்போது யாராவது "என்னை நம்பலையா?" என்று கோபித்துக்கொண்டோமா? இல்லையே. ஒருவர் ஏமாந்தாலும் குழுப் பணம் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ஒத்துக்கொண்டோம்.

ஓ.டி.பி.யும் அந்த இரண்டாவது கையெழுத்துதான். ஏ.டி.எம்.மில் அட்டை ஒரு பூட்டு, நாலு எண் ரகசியம் இன்னொரு பூட்டு. அட்டை தொலைந்தாலும் எண் தெரியாமல் பணம் எடுக்க முடியாது. இன்டர்நெட்டில் அட்டை வைத்துப் பணம் கட்டும்போதும் இரண்டாவது பூட்டு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு 1 முதல் கட்டாயமாக்கியது. 2025 செப்டம்பரில் புதிய விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ அவை நடைமுறைக்கு வரும் நாளாகக் குறித்தது. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பூட்டு வேண்டும் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, இரண்டாவது பூட்டு போனில் வரும் செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கைரேகை போன்றதும் இரண்டாவது பூட்டாக இருக்கலாம்.

அப்படியானால் தப்பு எங்கே? பூட்டில் இல்லை சகோதரிகளே. சாவி நம் கையில் இல்லை, அதுதான் தப்பு.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். கணக்கு தொடங்கும்போது எங்கள் குழுவில் நாலு பேரிடம் போன் இல்லை. படிவத்தில் போன் எண் கேட்டார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாலு பேருக்கும் என் எண்ணையே போட்டேன். சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போனபோதும் அதே எண்ணைத்தான் கொடுத்தேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் இருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. அன்றைக்கு அந்த நாலு பேரில் ஒருவர், மகளுக்கு முதல் பட்டதாரிச் சான்று எடுக்க இ-சேவை மையத்தில் காத்திருந்தார். ஓ.டி.பி. என் போனுக்குப் போனது. நான் எடுக்கவில்லை. மறுநாளும் வந்தார், அன்றும் என்னைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது நாள்தான் வேலை நடந்தது. மூன்று நாள் கூலி போச்சு. கல்லூரி சொன்ன கடைசி நாள் தாண்டிவிடுமோ என்று அந்தப் பெண் அழுதிருக்கிறாள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "அக்கா, என் வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னமும் என் மனசில் குத்துகிறது.

என்னிடம் இருந்ததே இப்படி என்றால், மற்ற இடங்களில் இருக்கும் சாவிகளை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நம் பாட்டிமார் அரிசிப் பானையில் சிறுவாடு சேர்த்தார்கள். அது ஆபத்துக்கு உதவியது. நாம் வங்கியில் சேர்க்கிறோம். ஆனால் 200 ரூபாய் போட்டாலும் செய்தி அவர் போனுக்குப் போகிறது. அப்புறம் எங்கே சிறுவாடு? பணம் எடுக்க வேண்டுமென்றால் ஓ.டி.பி.க்கு அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். பேங்க் புத்தகத்தில் பெயர் நம்முடையது, அதிகாரம் போன் வைத்திருப்பவருடையது.

இன்னொன்றும் நடக்கிறது. மகன் வேலைக்கு வெளியூர் போய்ப் புது சிம் வாங்கிக்கொள்கிறான், பழையதை விட்டுவிடுகிறான். காசு இல்லாமல், 90 நாள் பயன்படுத்தாமல் விட்ட எண்ணை கம்பெனி நிறுத்திவிடலாம். பிறகு அதே எண் முகம் தெரியாத இன்னொருவருக்குப் போகும். நம் கணக்குச் செய்தியும் அவருக்கே போகும்.

எனவே நாம் செய்ய வேண்டியது இவைதான்.

முதலாவது, உங்கள் பெயரில் உங்களுக்கென்று ஒரு எண் வேண்டும். பட்டன் போன் போதும். ஓ.டி.பி. வர ஸ்மார்ட் போன் தேவையில்லை.

இரண்டாவது, அந்த எண்ணை வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். ஆதாரிலும் மாற்றுங்கள். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றலாம், அதற்குத் தனி ஆவணம் கேட்பதில்லை. கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பழைய எண்ணை நிறுத்தும் முன்பே புது எண்ணைப் பதிந்துவிடுங்கள். எண் போன பிறகு மாற்றுவது இரட்டை அலைச்சல்.

நான்காவது, சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். வருகிற பணத்துக்குச் சாவி வேண்டாம், போகிற பணத்துக்குத்தான் சாவி வேண்டும். "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் அது பொய். வங்கியில் வேலை செய்பவரும் போனில் இதைக் கேட்க மாட்டார்.

அப்படியும் ஏமாந்துவிட்டால்? பக்கத்துக் குழுவில் ஒரு தங்கை அப்படி 18,000 ரூபாய் இழந்தாள். கடன் தவணைக்கு வைத்திருந்த பணம். வீட்டில் அடிப்பார்கள், குழுவில் சிரிப்பார்கள் என்று பயந்து நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாலு நாளில் பணம் எங்கெங்கோ கை மாறிவிட்டது. அவளை ஏமாற்றியது யாரோ ஒருவன். ஆனால் அவளை வாய் மூட வைத்தது நம்முடைய கேலிதான். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். நம் கவனக்குறைவால் பணம் போனாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யாராவது ஏமாந்தேன் என்று வந்தால் முதலில் போன் செய்யுங்கள். புத்திமதியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

நாம் மட்டும் மாறினால் போதாது, வங்கியும் மாற வேண்டும். நமக்குச் செய்தி தமிழில் வர வேண்டும். எண் மாற்ற ஊருக்கே வந்து ஒருநாள் முகாம் போட வேண்டும். போனே இல்லாத பாட்டி பாஸ்புக்கோடு கிளைக்கு வந்தால், படிவத்தில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டும், "போன் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பூட்டைக் கட்டாயமாக்கியவர்கள் சாவி எல்லோர் கைக்கும் எட்டுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்தானே? இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி வங்கி மேலாளரிடம் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

நான் என் கடனைத் தீர்த்துவிட்டேன். அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய் அவரவர் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் ஆனது. போன வாரம் அவர்களில் ஒருவர் வங்கியில் இருந்து வெளியே வந்து, போனைத் தூக்கிக் காட்டி, "அக்கா, எனக்கே வந்துடுச்சு!" என்றார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கணக்கில் யார் எண் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.