களஞ்சியம் வீடாகுமுன்

விவசாய முறைகள் மாறிப்போனதால் உபயோகமற்று நிற்கும் இங்கிலாந்தின் பழைய பண்ணைக் களஞ்சியங்கள் குடியிருப்புகளாக மாற்றப்படுகையில், அவற்றுள் சரித்திர மதிப்புள்ளவற்றை வேலை தொடங்குமுன் அளந்து, வரைந்து, படமெடுத்து, ஆவணமாக்கி வைக்க வேண்டுமென்று உள்ளூர் நிர்வாகத்தார் நிபந்தனை விதிப்பதுண்டு.

அந்தக் களஞ்சியங்கள் பலவற்றில் இரண்டு பெரிய வாயில்களை எதிரெதிராக அமைத்தது, அடித்த தானியத்தைத் தூற்றும்போது குறுக்கே வீசும் காற்று பதரைப் பறக்கடிப்பதற்காகவே. தூணும் உத்தரமும் கூடுமிடத்தில் தச்சர் உளியால் கீறிய ரோமன் எண்களை உற்று நோக்கினால், எந்த மரம் எதனோடு பொருந்த வேண்டுமென்று தரையிலேயே நிச்சயித்து, அதன்பின் சட்டத்தைத் தூக்கி நிறுத்திய சாமர்த்தியம் விளங்கும். மரத்தின் ஆண்டு வளையங்களோ அது வெட்டப்பட்ட காலத்தையே பல வேளைகளில் தெரிவித்துவிடும். லண்டனின் மேற்கு ஓரத்தில், ஹார்மண்ட்ஸ்வொர்த்தில், வின்செஸ்டர் கல்லூரி 1426-ஆம் ஆண்டையொட்டித் தன் பண்ணைக்காகக் கட்டிய மாபெரும் மரக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. எல்லாக் களஞ்சியங்களுக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை.

புதுச்சுவர் எழுப்பிப் பூசிவிட்டபின் இவ்வடையாளங்களைப் படிக்க இயலாது. ஆகையால், பழைய கட்டடம் எதிலும் கைவைக்குமுன் அதன் விவரங்களைப் பதிந்து வைப்பது, பின்வரும் சந்ததிக்கு நாம் ஆற்றவேண்டிய கடமையாகும்.