கரட்டு வழியில் ஒரு மிதிவண்டி

(கோரமண்டலில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில், மலை மிதிவண்டியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். “பேசுவதற்கு வேறு பொருளே அகப்படவில்லையா?” என்று சிலர் எண்ணக்கூடும். ஞாயிறுதோறும் முழங்காலில் சிராய்ப்போடும் சட்டையில் செம்மண்ணோடும் இக்காலனிக்குள் நுழைகிறவன் நான் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சிராய்ப்புகளின் வரலாற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இவ்வண்டி வேண்டுமென்று வீட்டில் கேட்கிறார்கள், பெற்றோர் அஞ்சுகிறார்கள். வாங்கித் தரலாமா, கூடாதா? இக்கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

தங்கவயலுக்கு மிதிவண்டி புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடையிலிருந்த காலமெல்லாம் இவ்வூர் சங்கின் ஒலிக்கு எழுந்தது. சங்கின் ஒலிக்கு உறங்கியது. நடந்து சென்றவர் போக, மற்றவர்க்கெல்லாம் சைக்கிளே தேர். பின்னால் சோற்றுத் தூக்கு, முன்னால் விளக்கு, சில நாள் குறுக்குத் தண்டில் ஒரு குழந்தை! சுரங்கம் மூடியபின் நம்மவர் 1894-இல் போடப்பட்ட பங்காருப்பேட்டை–மாரிக்குப்பம் கிளைப் பாதை ரயிலை நம்பி, விடியுமுன் பெங்களூருக்குப் புறப்படலாயினர். சைக்கிள் திண்ணையில் சாய்ந்தது, துருவும் ஏறியது.

இன்று பிள்ளைகள் கேட்கும் வண்டி அந்தப் பழைய சைக்கிளின் பேரன். அது பிறந்த இடம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாரின் வட்டாரம். அங்குள்ள டமால்பாயிஸ் மலையின் மண்பாதைகளில், 1970-களில் சில இளைஞர், நாற்பது ஆண்டுப் பழமையுடைய கனத்த சைக்கிள்களைக் கொண்டுபோய் உச்சியிலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தனர். 1976-இல் அதையே பந்தயமாக்கினர். அவ்வண்டிகளில் பிரேக்கு, பின்சக்கரத்தின் அச்சுக் குடத்துக்குள் இருந்தது. ஓர் இறக்கம் இறங்குவதற்குள் அது கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். மீண்டும் கிரீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. மீண்டும் அடைப்பது என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்னும் சொல்லே அப்பந்தயத்துக்குப் பெயராயிற்று. அப்பந்தயத்தின் பெயரே ஒரு பழுதிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய சட்டகம் அமைத்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம் பெற்றது. 2023-இல் ஆசியப் போட்டி நம் அண்டையிலுள்ள கேரளத்துப் பொன்முடியிலேயே நடைபெற்றது. அகன்ற டயர், அதில் புடைத்த பற்கள், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளக் கியர்கள், அதிர்ச்சியைத் தாங்கும் முன் கவை, அகன்ற கைப்பிடி: இவையே இதன் அங்கங்கள்.

இனி என் துன்பங்களைக் கேளுங்கள். முதற்பகைவன் சீமைக் கருவேல முள். பேத்தமங்கலம் ஏரிக்கு ஒரு நாள் காலை குறுக்கு வழியாகப் புறப்பட்டேன். ஏரி கண்ணில் படுமுன் மூன்று முறை காற்று இறங்கிற்று. மூன்றாம் முறை மரநிழலில் அமர்ந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துவந்த ஒரு மூதாட்டி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “நடந்தே வந்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாயே, அப்பா!” என்றாள். அவள் தெலுங்கில் சொன்ன அம்மொழிக்கு எந்த மொழியிலும் என்னிடம் மறுமொழி இல்லை. முள்ளைப் பற்றி நான் கற்ற பாடம் இதுதான்: டியூபில் ஒட்டுப் போடுவது பாதி வேலை, டயரின் உட்புறத்தை விரலால் தடவி, உள்ளே ஒளிந்திருக்கும் முள் நுனியைக் களைவதே மறுபாதி. காற்றுக் குறைவாக இருந்தால் வேறொரு துன்பம் நேரும். டயர் கல்லில் மோதும்போது டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும்.

இரண்டாம் பகை சங்கிலி. கம்மசந்திரத்துக் கோடிலிங்கேசுவரர் கோயில் பக்கம், ஏற்றத்தில் கியரை மாற்றுகையில் அது அறுந்தது. திரும்பும் வழியில், இறக்கத்தில் ஏறி அமர்ந்தும், ஏற்றத்தில் இறங்கித் தள்ளியும் வீடு வந்து சேர்ந்தேன். அன்றுமுதல், சங்கிலிக் கண்ணியைக் கழற்றிப் பூட்டும் சிறு கருவி என் பையை விட்டு நீங்குவதில்லை. மூன்றாவது, மழை. மழைக்குப் பின் நம் செம்மண் டயருக்கும் கவைக்கும் இடையில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது. அப்போது மனிதன் வண்டியில் செல்வதில்லை. வண்டி மனிதன் தோளில் செல்கிறது. நான்காவது, நாய்கள். அவை துரத்தினால் விரைந்தோடுவதால் பயனில்லை. இறங்கி, வண்டியை இடையில் நிறுத்தி, மெல்ல நடந்தால் அவற்றுக்கே அலுத்துப்போகும்.

இத்தனை இடர்ப்பட்டும் ஏன் போகிறாய் என்று என் துணைவியார் கேட்பதுண்டு. பேத்தமங்கலத்துக் கரையில் நின்று பாருங்கள், விடை தெரியும். அது பாலாற்று நீர். சுரங்கங்களுக்கும் நம் வீடுகளுக்கும் குடிநீர் தந்த ஏரி அது. அந்த ஆறுதான் தமிழகம் புகுந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே செல்கிறது. நம்மில் பலருடைய முன்னோர் அந்த வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆற்றின் கீழ்ப்புறத்திலிருந்து வந்தவர்கள், அதன் மேற்புறத்து நீரைப் பருகி இங்கே வாழ்ந்திருக்கிறார்கள்! படத்தில் பலமுறை பார்த்தும் எனக்கு உறைக்காத உண்மை, கால்கள் ஓய்ந்து அக்கரையில் அமர்ந்த அன்று உறைத்தது.

இப்போது துன்பத்துள் பெருந்துன்பத்துக்கு வருகிறேன். நம் வீடுகளைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகளை அறியாதார் இங்கே யார்? 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட முறைப்படி, பொடியாக்கிய பாறையிலிருந்து சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தனர். பொன் கடல் கடந்தது. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மணல் இங்கேயே நின்றுவிட்டது. மரமற்ற வெண்சாம்பல் நிறச் சரிவு; மழைநீர் அறுத்த ஓடைகள்; திரைப்படத்தார் வந்து படம் பிடிக்கும் தோற்றம்! மலை மிதிவண்டி வைத்திருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அதைக் கண்டால் கால் துடிக்கத்தான் செய்யும்.

சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து வரிசையைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவன் அப்படித்தான் ஏறினான். மேலிருந்து பார்க்கையில் உறுதியாகத் தோன்றிய விளிம்பு, அடியில் நீர் அரித்த வெற்று ஓடாக இருந்தது. வண்டியோடு சரிந்தான். கையை ஊன்றி விழுந்ததில் தோள்பட்டையின் முன்னெலும்பு முறிந்தது. செய்தி கேட்டுத் தலைவிரி கோலமாய் ஓடிவந்த அந்தத் தாயின் முகத்தை நான் மறக்கவில்லை. “இனி இந்த வீட்டில் சைக்கிள் என்ற பேச்சே கூடாது” என்றாள் அவள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எலும்பு கூடிவிடும், ஆனால் அம்மணலின் நுண்தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் என்ன செய்யும் என்பதை, இருமி இருமி இரவைக் கழித்த நம் பாட்டன்மார் சொல்லாமலே சொல்லிச் சென்றிருக்கிறார்கள். கைவிடப்பட்ட சுரங்க வாய்களும், கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் வேறு உள்ளன.

ஆயினும், தடுத்துவிடுவது தீர்வாகாது. தடுக்கப்பட்ட பிள்ளை நண்பனின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு அதே மேட்டுக்குத்தான் போவான். இம்முறை யாரிடமும் சொல்லாமல் போவான். சுரங்கத் தொழிலின் முதல் விதி என்ன? இறங்கியவர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர் என்று கணக்கு வைப்பது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமுடைய சாம்பியன் ரீப் சுரங்கத்தில் நம் முன்னோர் இறங்கியபோது, ஒருவர் திரும்பவில்லை என்றால் மேலே உள்ளவர் உறங்கவில்லை. அவ்விதியையே நாம் மேற்கொள்வோம்.

வண்டியை வாங்கித் தாருங்கள். ஆனால் சில நிபந்தனைகளோடு தாருங்கள். எவ்வழி செல்கிறான், எப்போது திரும்புவான் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், தனியே போகாதிருக்கட்டும். தலைக்கவசம் இன்றிப் படியிறங்கலாகாது. சயனைடு மேடும் சுரங்க வாயும் எந்நாளும் விலக்கு. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தால் வண்டி நிற்கும், ஓட்டுபவன் நில்லான். ஆதலால் உடலைப் பின்னே சாய்த்து, இரண்டையும் அளவாகப் பிடிக்கப் பழகட்டும். விழுந்தால், காயத்தைச் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவி, மருத்துவரிடம் காட்டி, வேண்டிய தடுப்பூசி போடச் செய்யுங்கள். ஒட்டுப் போடவும் சங்கிலி பூட்டவும் அறியாத பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டவேண்டாம். பெண் பிள்ளைகளுக்கும் இதே விதி, இதே உரிமை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் சங்கத்து முற்றத்தை இப்பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஓய்வுபெற்ற பணிமனைத் தொழிலாளர் இங்கே பலர் இருக்கிறீர்கள். திருகாணியின் ஒலியைக் கேட்டே பழுதைக் கூறும் உங்கள் கைத்திறன் உங்களோடு மறைந்துவிடலாகாது. நீங்கள் கற்றுக்கொடுங்கள், வழி காட்ட நான் வருகிறேன். அன்று தோள் முறிந்த அந்தப் பையனும் வருவான். அவன் தாயின் இசைவைப் பெற்றுவிட்டேன்.

நம் பாட்டன்மார் இம்மண்ணின் அடியை அறிந்தார்கள். அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதன் மேற்பரப்பையாவது அறிந்துகொள்ளட்டும். அறிந்து, பத்திரமாக வீடு திரும்பட்டும்.