ஊரார் சொல்லும் வாயில்லா உயிரும்

ஒரு விலங்கைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் கரிவலம்வந்தநல்லூர். கரி என்பது யானை. யானை வலம்வந்து வழிபட்ட நல்லூர் என்பது அப்பெயரின் பொருள். சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ள அவ்வூரில் பால்வண்ணநாதர் கோயில் கொண்டிருக்கிறார். அதிவீரராம பாண்டியர் இயற்றியதாகப் போற்றப்படும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி அத்தலத்தைப் பாடிய நூல். ஆதலால் தமிழ் கற்றோர்க்கு அது பாட்டின் ஊர். நாய் வளர்ப்போர்க்கோ அது வேறொரு வகையிலும் நல்ல இடத்தில் அமைந்த ஊர். அதற்கு வடக்கே இராசபாளையம். கிழக்கே கரிசற் பரப்பில் சிப்பிப்பாறை. இரண்டும் நாட்டு நாய் இனங்களுக்குத் தம் பெயரை வழங்கிய ஊர்கள். கன்னி என்னும் இனமும் தென்பாண்டி நாட்டுக் கரிசல் மண்ணுக்கு உரியதே.

இவ்வட்டாரத்தில் ஒரு மாணவன் நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கத் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். குட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே ஊராரின் சொற்களும் வந்து சேரும். “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைக்கிறாயே!” என்பார் பெரியப்பா. “மிஞ்சிய சோறு போதாதா அதற்கு?” என்பார் ஆச்சி. விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்து வரும் அத்தான், “எலும்பு தெரியப் பட்டினி போட்டிருக்கிறாயே!” என்று கடிந்துகொள்வார். “கட்டிப் போடு” என்பது எதிர்வீட்டார் சொல். “கட்டிப் போடுவது பாவம்” என்பது அடுத்த வீட்டார் சொல். எல்லார் சொல்லையும் கேட்டால், கழுதையைத் தோளில் சுமந்த தந்தையும் மகனும் பட்ட பாடுதான் நமக்கும் கிட்டும். எவர் சொல்லையும் கேளேன் என்று செவியை மூடிக்கொண்டாலோ, அதன் துன்பம் நம்மைச் சாராது. வாய் திறந்து முறையிட இயலாத அந்த உயிரையே சாரும். இவ்விரண்டுக்கும் நடுவே நடப்பது எப்படி?

ஒரு சொல் நம்மை நோக்கி வந்தவுடன் சொன்னவர் யார், எந்தக் குரலில் சொன்னார் என்று பாராமல், அச்சொல் எதைப் பற்றியது என்று பார்த்தல் வேண்டும். அது நாயின் நலத்தைப் பற்றியதா? அயலாரின் பாதுகாப்பைப் பற்றியதா? அல்லது நம் தகுதியைப் பற்றிய ஏளனம் மட்டுமா? முதல் இரண்டும் எவ்வளவு கடுமையாகச் சொல்லப்பட்டாலும் ஆராயத்தக்கவை. மூன்றாவது, புன்னகையோடு விட்டுவிடத்தக்கது.

அத்தான் சொன்ன பட்டினிக் குற்றத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு காற்றெனத் துரத்தும் இனங்கள். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் ஆகியவை அவற்றின் இயல்பு. விலா எலும்பு மெல்லிதாகத் தெரிவது அவற்றுக்குக் குறையன்று. பிறர் சொல்லுக்கு அஞ்சி அவற்றைக் கொழுக்க வைத்தால் மூட்டுகளும் இதயமும் கெடும். ஆயினும், “இனமே இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அமைதி கொள்வதும் அறிவாகாது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி, மயிர் மங்கி, ஓட்டம் குன்றினால், குடற்புழுவோ நோயோ இருக்கக்கூடும். மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து எடையைக் குறித்து வைப்பவன், அத்தானுக்கும் விடை சொல்லலாம். தன் மனச்சான்றுக்கும் விடை சொல்லலாம்.

இராசபாளையம் நாயைப் பற்றி எழும் பழி வேறு. “கூப்பிட்டால் திரும்பியும் பாராத திமிர் பிடித்த நாய், நாலு அடி கொடுத்து வளர்க்கத் தெரியவில்லை” என்பார்கள். பால்போல் வெண்மையான அந்த இனத்தில் சில குட்டிகள் செவிடாகவே வளர்வதுண்டு. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியின் நலத்துக்கும் தேவையானவை. அவை அங்கே இல்லாதபோது, குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு சிதைந்துவிடுகிறது. குட்டி காணாதவாறு பின்னே நின்று கைதட்டிப் பாருங்கள். தொடர்ந்து அசைவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். செவி கேளாத நாய்க்குக் கையசைவால் கற்பிக்கலாம். காது கேளாத ஒன்றைக் கீழ்ப்படியவில்லை என்று அடிப்பது எத்தகைய கொடுமை! இங்கே ஊரார் தீர்ப்புக்குத் தலைவணங்குவது, குற்றமற்ற உயிருக்குத் தண்டனை வழங்குவதாகும்.

உணவிலும் இரு கட்சி உண்டு. நாய்க்குச் சோறு ஆகவே ஆகாது என்பார் ஒருவர். சோறும் மோருமே போதும் என்பார் மற்றொருவர். நாய் ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கிய பின், மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை மிகுதியாகப் பெற்றது என்பதை 2013-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி விளக்கியது. ஆகவே சோறு நஞ்சன்று. ஆயினும் சோறு மட்டும் உண்டு உடல் வளராது. முட்டை, மீன், இறைச்சி போன்ற புரத உணவும் வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்குத் தீங்கானவை. ஆச்சி சொன்னதில் பாதி மெய். அம்மெய்யை ஏற்றுக்கொண்டு, குழம்பு கலவாத சோற்றோடு முட்டையும் சேர்த்தால், நாய்க்கும் நலம், ஆச்சிக்கும் மகிழ்ச்சி.

கட்டிப் போடுவது பற்றிய பூசலில் சட்டமே நமக்கு வழிகாட்டுகிறது. விலங்குகள்பால் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. எப்போதும் சங்கிலியில் பிணைத்தோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் அளிக்கத் தவறுவது அச்சட்டத்தின்படி குற்றம். அச்சட்டம் தோன்ற முன்னின்று உழைத்தவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவரே. எனவே “கட்டி வைப்பது பாவம்” என்ற அடுத்த வீட்டாரை எள்ளி நகையாட இயலாது. காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்வதே அவருக்கு நாம் அளிக்கும் விடை.

எதிர்வீட்டார் சொல்லோ இன்னும் கனமானது. தம் குழந்தையை நாய் கடித்துவிடுமோ என்னும் அச்சம் அதில் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. 1885-இல் லூயி பாஸ்டர் அதற்குத் தடுப்பு முறையைக் கண்டார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கப்பெற்றது. குட்டிக்கு மூன்று திங்கள் ஆனதும் முதல் தடுப்பூசி, பின்னர் மருத்துவர் குறிக்கும் காலந்தோறும் மறு ஊசி என்பது வளர்ப்பவனின் கடமை. நாய் எவரையேனும் கடித்துவிட்டால், புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். எதிர்வீட்டாரிடம் சினந்து பேசுவதைவிடத் தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுவது மேல். அவர் அச்சம் நியாயமானது. அதைத் தீர்ப்பது நம் பொறுப்பு.

இனி எஞ்சுவது ஏளனம். “நாட்டு நாய்தானா கிடைத்தது?” என்னும் இகழ்ச்சி அந்த வகையைச் சேர்ந்தது. அந்த நாட்டு நாயாகிய இராசபாளையத்தின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை இந்திய அரசு 2005-இல் வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் ஆற்றிய வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய இனங்களின் பெயர்கள் ஒலித்தன. எனினும், அஞ்சல் தலை இல்லாவிட்டாலும் நாயின் மதிப்பு குறையாது. பெயரற்ற தெருநாய்க் குட்டியை எடுத்து வளர்ப்பவனும் அதே கடமையை உடையவன். அதே பெருமைக்கும் உரியவன்.

மகாபாரதத்தின் இறுதியில் தருமபுத்திரர் ஒரு நாயோடு நடக்கிறார். நாயுடையவர்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். தம்மை நம்பித் தொடர்ந்த உயிரைக் கைவிடுவது பெரும்பாவம் என்று அவர் காரணம் கூறி மறுக்கிறார். தேவர்கோனின் சொல்லையும் அவர் செவிமடுத்தார், சினவாமல் விடையிறுத்தார், நின்ற இடத்திலிருந்து பெயரவில்லை. பழிச்சொல்லை எதிர்கொள்ளும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இளைஞர்களே, “பெரியப்பா, கால்நடை மருத்துவரைக் கேட்டேன், இவ்வாறு செய்யச் சொன்னார்” என்று பணிவாகச் சொல்லிப் பழகுங்கள். சொல்லியும் கேளாதவரிடம் வாதம் வேண்டா. மெய்யான குறையைச் சுட்டினால் நன்றி கூறி அன்றே திருத்துங்கள். பிறகு நாயின் கண்ணையும் மயிரையும் நடையையும் பாருங்கள். அது தெளிந்த கண்ணோடு உண்டு, ஓடி, அச்சமின்றி உறங்கினால், நீங்களும் ஊரார் சொல்லுக்கு அஞ்சாமல் உறங்கலாம்.