அக்கி வந்த பிறகும் ஓடலாமா?

இன்னைக்கு எபிசோடை கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துல, தாமரைக் குளத்துப் பக்கம் உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில நான் ஓட வர்ற இடம் இது. போன வருஷம் ஆறு வாரம் இந்தப் பக்கமே வரலை. காரணம், அக்கி.

ஹாஃப் மாரத்தானுக்குத் தயாராகிட்டு இருந்தேன். திடீர்னு இடது விலாவுல எரிச்சல். ரெண்டு நாள்ல பட்டை கட்டின மாதிரி கொப்புளம். அப்பத்தா பார்த்த உடனே சொல்லிட்டாங்க: "இது அக்கிடா. வேளார் வீட்டுல போய் காவியில எழுதிட்டு வந்துரு." டாக்டரும் அக்கின்னுதான் சொன்னார். வைரஸ் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, கொப்புளத்து மேல எதையும் பூசாதீங்கன்னார். அப்பத்தாவைச் சமாதானப்படுத்தத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.

வீட்டுல எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க: "ஓடி ஓடி எதிர்ப்பு சக்தியைக் கெடுத்துக்கிட்ட." அது உண்மையான்னு தேடிப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

சின்ன வயசுல அம்மை போட்டா, தலைக்குத் தண்ணி ஊத்தினதோட கதை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். முடியறதில்லை. அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மறுபடி எழுந்தா அதுதான் அக்கி. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் எல்லாத்துக்கும் இந்தக் குணம் உண்டு. அதுல ஒண்ணு சைட்டோமெகலோவைரஸ், சுருக்கமா சி.எம்.வி. பெரும்பாலும் அறிகுறியே இல்லாம வந்து ஆயுசுக்கும் தங்கிடும். உடற்பயிற்சி விஷயத்துல அதிகமா ஆராயப்பட்டது இந்த சி.எம்.வி.தான்.

இங்கிருந்து பேச்சிப்பள்ளத்துக்கு வேகமா படியேறுறீங்கன்னு வைங்க. அட்ரினலின் சுரக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளை அணுக்கள் சில நிமிடங்களில் ரத்த ஓட்டத்தில் கலக்கும். குறிப்பா ரெண்டு வகை: இயற்கைக் கொல்லி செல்கள், சி.டி.8 டி செல்கள். கடுமையான பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவற்றின் எண்ணிக்கை ஆரம்ப அளவை விடக் கீழே இறங்கும். ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும்.

2010-ல பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தது இது: சி.எம்.வி. தங்கியிருக்கிறவங்களுக்கு சி.டி.8 செல்களின் ஏற்றமும் பெருசு, அப்புறம் வர்ற இறக்கமும் பெருசு. அந்த வைரஸைக் காவல் காக்கவே உடம்பு ஒரு பெரும்படையைச் சேர்த்து வச்சிருக்கு. அட்ரினலின் கூப்பிட்டதும் முதல்ல ஓடி வர்றது அந்தப் படைதான். 2012-ல ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுல இயற்கைக் கொல்லி செல்கள் நேர்மாறா நடந்துக்கிட்டது. சி.எம்.வி. உள்ளவங்களிடம் அதன் ஏற்றம் குறைவு. பயிற்சி ஒண்ணுதான், உள்ளே தங்கியிருக்கிற வைரஸைப் பொறுத்து ரத்தம் காட்டுற கணக்கு மாறுது.

இது நமக்கு ஏன் முக்கியம்? அமெரிக்கா, பிரிட்டன்ல பெரியவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு சி.எம்.வி. இருக்கு. இந்தியாவுல பத்துல எட்டு, ஒன்பது பேருக்கு. அங்கே ஒரு தனிக் குழு. இங்கே அதுதான் நாம எல்லாரும். அதனால வெளிநாட்டு ஃபிட்னஸ் வீடியோவுல "ஓட்டத்துக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி இவ்வளவு விழும்"னு ஒரு எண்ணைச் சொன்னா, அது யார் ரத்தத்துல எடுத்த எண்ணுன்னு முதல்ல கேளுங்க.

சரி, அந்த இறக்கம் பலவீனமா? பாத் பல்கலைக்கழகத்தின் கேம்ப்பெல், டர்னர் ரெண்டு பேரும் 2018-ல எழுதின கட்டுரையில இதை மறுக்கறாங்க. அந்தச் செல்கள் சாகலை. நுரையீரல், குடல் மாதிரி இடங்களுக்கு ரோந்து போயிருக்குன்னு சொல்றாங்க. ரத்தத்துல ஆள் குறைஞ்சா ஊரைவிட்டே போயிட்டாங்கன்னு அர்த்தமில்லை.

அப்போ எனக்கு அக்கி ஏன் வந்துச்சு? உறுதியா யாராலும் சொல்ல முடியாது. ஆனா அந்த மாசம் ஆபீஸ்ல ரிலீஸ். தினமும் நாலு மணி நேரம்தான் தூக்கம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஓட்டத்து மேல பழி போட்ட யாரும், நான் உட்பட, லேப்டாப் மேல பழி போடலை.

இப்போ எனக்கு மூணு விதி. காய்ச்சலோ கொப்புளமோ இருந்தா ஓட்டம் கிடையாது. ரத்தப் பரிசோதனை நாளன்னைக்குக் காலையில ஓடறதில்லை. தூக்கம் கெட்ட வாரத்துல தூரத்தைப் பாதியாக் குறைக்கிறேன்.

நேத்து அப்பத்தா கேட்டாங்க, "மறுபடியும் ஓடப் போறியா?" "ஓடப் போறேன் அப்பத்தா, ஆனா பத்து மணிக்குப் படுத்துருவேன்"னேன். "அதைச் செய் முதல்ல"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நல்லாத் தூங்குங்க மக்களே.