ஒரு ரூபாய் கூடினால் 1,350 ரூபாய் வரியா?

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வீட்டுக்காரர் கட்டும் மாதப் பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. இல்லை. மொட்டை மாடி ஒழுகுகிறது என்று ஒரே ஒரு ரூபாய் கூட்டுகிறீர்கள். சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டால், 7,501 ரூபாய் முழுவதற்கும் 18 சதவீதம், அதாவது 1,350 ரூபாய் வரி! 2019 ஜூலையில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை போட்ட கணக்கு இது. 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்றது. அப்படிப் பார்த்தால் வரி எவ்வளவு தெரியுமா? வெறும் 18 பைசா! 18 பைசா வாங்க வேண்டிய இடத்தில் 1,350 ரூபாய் கேட்பதற்கு வரி என்றா பெயர்?

‘7,500 கட்டுகிறவன் எல்லாம் சீமான், கொடுத்தால் குறைந்தா போவான்’ என்கிறார்கள் வரிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள். ஐயா, அந்த வரம்பு 2018 ஜனவரியில் வைத்தது. காவலாளி சம்பளமும் ஜெனரேட்டர் டீசலும் தண்ணீர் லாரி வாடகையும் அன்றைய விலையிலா நிற்கின்றன? கட்டடம் கிழடாக ஆகச் செலவு கூடும். அதில் குடியிருக்கிற ஓய்வூதியக்காரருக்கு வருமானம் கூடுமா? வருமான வரியின் கூத்தையும் கேளுங்கள்: வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு ஓர் ஆணிகூட அடிக்காமல் 30 சதவீதம் கழிவு; சொந்த வீட்டில் குடியிருந்து பூச்சு வேலைக்குப் பணம் கொடுப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது!

பெயின்ட் கான்ட்ராக்டருக்குக் கட்டிய வரியைச் சங்கம் உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாமே என்பார்கள். கழிக்கலாம்தான். ஆனால் நேரடியாகக் கொடுக்கும் காவலாளி சம்பளத்திலும் மின் கட்டணத்திலும் ஜி.எஸ்.டி.யே இல்லை, எதைக் கழிப்பது? பதிவு, மாதக் கணக்கு, ஆடிட்டர் செலவு மட்டும் மிச்சம். அடிப்படையே கோணல், நண்பர்களே. தனி வீட்டுக்காரர் தன் பணத்தில் கொத்தனாரை வைத்து ஒழுகலை அடைத்தால், பணத்தைப் பையிலிருந்து எடுத்ததற்கு வரி இல்லை. நூறு பேர் சேர்ந்து பணம் போட்டால் அந்தச் சேர்க்கைக்கே வரி! சங்கமும் உறுப்பினரும் வேறு வேறல்ல என்ற கொள்கையை 2019 அக்டோபரில் கல்கத்தா கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அரசு என்ன செய்தது? 2021 நிதிச் சட்டத்தில், இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று 2017 ஜூலை முதல் பின்தேதியிட்டு எழுதிக்கொண்டது. வலது கை இடது கையைச் சொறிந்தாலும் பில் போடச் சொல்வார்கள் போலிருக்கிறது!

வரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டுமே வரி என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்து, அரசு அறிவிக்கையிலேயே எழுதட்டும். பழுதுபார்ப்புக்காகத் தனியே திரட்டும் பணத்தை அந்த வரம்பில் சேர்க்காமல் விடட்டும். ஓட்டுக் கேட்டு மாடியேறி வருகிறவர்களிடம் இந்த இரண்டுக்கும் பதில் வாங்குங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பேசலாம்!