பயோடேட்டாவில் எது மேலே, எது கீழே?



வேலை தேடும் பிள்ளைகள் பலர் முதலில் போய் நிற்பது பக்கத்துத் தெரு டி.டி.பி. சென்டரில். அங்கே கணினியில் ஒரு பயோடேட்டா தயாராக இருக்கும். பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தகப்பனார் பெயர், மதம், சாதி, திருமணம் ஆனவரா இல்லையா, கதவு எண்ணோடு வீட்டு முகவரி, கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. இந்தப் பிள்ளைக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் கண்ணில் படாது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

அரசு வேலை என்றால் விஷயம் வேறு. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் சாதியும் பிறந்த தேதியும் கேட்பார்கள். இடஒதுக்கீட்டுக்கும் வயது வரம்புக்கும் அவை வேண்டும். எதை எங்கே நிரப்புவது என்று கட்டம் போட்டே தந்துவிடுகிறார்கள். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் பயோடேட்டாவில் அந்தக் கட்டங்களைப் போட வேண்டியவர் நீங்கள்தான்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, அப்ரென்டிஸும் முடித்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், ஊர் ஆகியவை மேலே ஓரிரு வரிகளில் போதும். அதற்கு அடுத்து வரவேண்டியது பயிற்சியும் அனுபவமும். பலரும் அங்கே 'அப்ரென்டிஸ், ஒரு வருடம்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் பட்டறையின் மேற்பார்வையாளருக்கு அது போதுமா? வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளவெடுக்கத் தெரியுமா, டிராயிங் பார்த்து வேலை செய்வானா, எந்த மெஷினில் நின்றான் என்பதைத்தான் அவர் தேடுவார். அதை நாலு வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே படிப்பு: கடைசியாக முடித்தது முதலில். ஐ.டி.ஐ.க்குத் தரும் என்.டி.சி., அப்ரென்டிஸுக்குத் தரும் என்.ஏ.சி. சான்றிதழ்கள் அங்கே வரட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடியில் இருந்தால் போதும்.

இப்போதுதான் கல்லூரி முடித்தவருக்கு இந்த வரிசை மாறும்; படிப்பு மேலே ஏறிவிடும். அடுத்து புராஜெக்ட். தலைப்பை மட்டும் எழுதாமல், நாலு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கு என்ன என்று சொல்லுங்கள். அப்பாவின் கடையில் மாலை நேரம் பில் போட்டதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததும் வேலைதான். 'பிற அனுபவம்' என்று ஒரு பகுதி போட்டு, கூச்சப்படாமல் எழுதுங்கள்.

நடுவில் சில வருடம் வேலையை விட்ட பெண்களுக்குத்தான் அதிகத் தயக்கம். கணக்குப் பிரிவில் டேலி பார்த்துக்கொண்டிருந்தவர், குழந்தை பிறந்ததும் 2016-இல் நின்றுவிட்டார் என்று வையுங்கள். அடுத்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. நின்ற வருடங்களை மறைத்தால் நேர்காணலில் அதையேதான் கேட்பார்கள். 'குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்ய இப்போது கற்றுக்கொண்டிருந்தால், அதைப் பழைய அனுபவத்துக்கும் மேலே, 'சமீபத்திய பயிற்சி' என்று தனிப் பகுதியாகப் போடுங்கள். 'இவருக்கு ஜி.எஸ்.டி. தெரியுமா' என்று முதலாளிக்கு முதலில் வரும் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சொந்த விவரங்கள் கடைசியில், வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும். தெரிந்த மொழிகளை எழுதலாம். ஓட்டுநர் வேலைக்கு லைசென்ஸ் வகையையும் அது செல்லுபடியாகும் தேதியையும் எழுதலாம். மதமும் சாதியும் வேண்டாம். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எதுவும் பயோடேட்டாவில் இருக்கவே கூடாது. அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று உங்களுக்குத் தெரியாது. வேலை உறுதியான பிறகு ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேளுங்கள். வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் பாஸ்போர்ட் நகல் கேட்டால், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையின் பயோடேட்டாவை இன்றைக்கு ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஆதார் எண் இருந்தால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னென்ன வேலை தெரியும், சொல்லு" என்று கேட்டு எழுத வையுங்கள்.